அந்த ஒன்று நமக்கு யார்?

 

சென்ற மாதம் நம் வட்டார இளைஞர் கூட்டு வழிபாட்டில் எனக்கு இருபது நிமிடம் பேச வாய்ப்பு கிடைத்தது. வழக்கமாக நம்ம பிள்ளைங்க எடுக்கிற தலைப்புகள் உங்களுக்கே தெரியும்: திருநீற்றின் மகிமை, பெற்றோரை மதித்தல், கைப்பேசியும் இளைஞர்களும். நானும் அப்படி ஒன்றைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் முந்தைய நாள் இரவு அதை ஒதுக்கிவிட்டு, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பேசினேன். பேசி முடித்ததும் மூன்று அக்காமார்கள் தனித்தனியாக வந்து, "தம்பி, எங்களுக்கும் இது நடந்திருக்கு, வெளிய யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார்கள். அதில் ஒருவர் அழுதுவிட்டார். அதனால்தான் அந்தப் பேச்சைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எழுதச் சம்மதித்தவர் என் அக்கா. அவர் போட்ட ஒரு நிபந்தனையைக் கடைசியில் சொல்கிறேன்.

சிவப்புக் கட்டத்தில் ஓர் எண்

அக்காவுக்கு அப்போது வயது 29. ஜொகூர் பாருவில் குடியிருக்கிறார். அத்தான் தினமும் காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகும். அம்மா, அப்பா, பாட்டி மூவரும் சுங்கை பட்டாணியில். பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவால் வீட்டை விட்டு நகர முடியாது. ஸ்கூடாயில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான்தான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிறந்தகத்துச் சொந்தம்.

முதல் குழந்தை. பன்னிரண்டாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர்ப்படலத்தின் தடிமனை அளந்தார்கள். அக்காவின் இரத்தத்தையும் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, கிளாஸ் முடிஞ்சதும் கொஞ்சம் வர்றியா?" அவ்வளவுதான் கேட்டார். குரலே சரியில்லை.

நான் போனபோது வீட்டில் விளக்குகூடப் போடவில்லை. மேசையில் ஒரு காகிதம். அதில் சிவப்புக் கட்டம் போட்டு, 'டவுன் சிண்ட்ரோம், 1:64, அதிக அபாயம்' என்று அச்சிட்டிருந்தது.

அக்கா அழவில்லை. வரிசையாகக் கேள்வி கேட்டார். "ஆறாவது வாரத்துல தெரியாம அன்னாசி சாப்பிட்டேன், அதனாலயா? அத்தானோட மோட்டார்ல போனேனே, அதனாலயா? சாமி அறையில விளக்கு ஏத்தாம விட்டேனே, அதனாலயாடா?"

நண்பர்களே, ஒரு பெண் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இப்படித் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

நான் செய்த முதல் தவறு

பொறியியல் மாணவன் என்ன செய்வான்? மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு மணி நேரம் படித்தேன். படித்தது வீண் இல்லை. உங்களுக்கும் அது ஒரு நாள் உதவலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை வெளியிட்டார்கள். பெரும்பாலும் கரு உருவாவதற்கு முன்பே, செல் பிரியும்போது தற்செயலாக நடந்துவிடுவது. அன்னாசி இல்லை, மோட்டார் இல்லை, கிரகணம் இல்லை, ஏற்றாத விளக்கும் இல்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் இளம் தாய்மார்களுக்கும் வரும்.

அடுத்தது, அக்கா எடுத்தது ஸ்கிரீனிங். அது நோயை உறுதி செய்யும் பரிசோதனை அல்ல. எங்கள் விடுதியில் புகை கண்டறியும் கருவி இருக்கிறது. யாராவது ராத்திரியில் மேகி மீயை அடிப்பிடிக்க விட்டால் கட்டடமே அலறும். அந்தக் கருவி பழுதானது இல்லை. உண்மையான தீயைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே அதைக் கொஞ்சம் பயந்த சுபாவத்தோடு செய்திருக்கிறார்கள். அலாரம் அடித்ததும் நாங்கள் யாரும் 'கட்டடம் எரிந்துவிட்டது' என்று வீட்டுக்குப் போன் செய்வதில்லை. அதற்காகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதும் இல்லை. கீழே இறங்கித் திடலில் நின்று, வார்டன் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருப்போம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 கர்ப்பிணிகளில் 20 பேரின் குழந்தைக்கு இந்த நிலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அதில் நூற்றுக்கு 85 விழுக்காட்டைக் கண்டுபிடிக்கும் என்றால் 17 பேர் அகப்படுவார்கள். மீதி 9,980 பேரில் 5 விழுக்காட்டினருக்குத் தவறாக அலாரம் அடிக்கும் என்றால் அதுவே 499 பேர். ஆக 516 பேர் கையில் 'அதிக அபாயம்' என்ற காகிதம் இருக்கும். அவர்களில் 17 பேருக்குத்தான் அது உண்மை. ஏறக்குறைய முப்பதில் ஒருவர். மற்றவர்கள் அத்தனை பேரும் தூக்கம் கெட்டது அலாரத்தால்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வழி இருக்கிறது. தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. முதல் பரிசோதனையைவிட மிகத் துல்லியமானது. ஆனால் அதுவும் ஸ்கிரீனிங்தான். உறுதி செய்வது, நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதும், பதினைந்தாவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் அம்னியோசென்டெசிஸும்தான். அந்த ஊசியால் கரு கலைந்துபோகும் அபாயம் கொஞ்சம் உண்டு. கைதேர்ந்த மருத்துவர் செய்தால் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எடுப்பதா, வேண்டாமா என்பது அந்தத் தம்பதியின் முடிவு.

இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கினேன். கடைசியில் வெற்றி பெற்றவன் மாதிரிச் சொன்னேன்: "பாருக்கா, அறுபத்து நாலுல ஒண்ணுன்னா, அறுபத்து மூணு பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. 98.4 விழுக்காடு. கவலையே படாத."

அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்த அறுபத்து நாலுல ஒண்ணு என் பிள்ளையா இருந்தா, அது உனக்கு யாருடா? நீ அதுக்கு மாமா இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. மடிக்கணினியை மூடினேன்.

என் கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் நான் ஒரு குழந்தையை மீதமாக ஒதுக்கிவிட்டேன். அக்காவுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, 'அந்த ஒன்று வந்தால் மட்டும்தான் சோகம்' என்று சொல்லியிருக்கிறேன். அது அவருக்கு வலித்தது. ஏனென்றால் வயிற்றில் இருப்பது எத்தனையாவது குழந்தை என்று அவருக்குத் தெரியாது. தன் குழந்தை என்று மட்டும் தெரியும்.

மலைக்கோட்டையில் நடந்தது

அன்று இரவு விடுதிக்குத் திரும்பவில்லை. அக்கா வீட்டுக் கூடத்திலேயே படுத்துக்கொண்டேன். தூக்கம் வராமல் கிடந்தபோது, சின்ன வயதில் சமய வகுப்பில் கேட்ட திருச்சிராப்பள்ளித் தல புராணம் ஞாபகம் வந்தது. உங்களில் பலருக்கும் தெரிந்த கதைதான்.

இரத்தினாவதி என்று ஒரு வணிகர் குலப் பெண். நிறைமாதக் கர்ப்பிணி. பேறுகாலத்துக்குத் துணையாக இருக்க அவளுடைய தாய் பூம்புகாரிலிருந்து மருந்து, எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். வழியில் காவிரியில் வெள்ளம். ஆற்றைக் கடக்க முடியவில்லை. இந்தக் கரையில் மகளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. தாய் வரவில்லையே என்று சிவபெருமானை நினைத்து அழுகிறாள். அப்போது கதவு தட்டப்படுகிறது. தாய் நிற்கிறாள். பிரசவம் பார்க்கிறாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். மகளுக்கு மருந்து அரைத்துக் கொடுக்கிறாள். சில நாள் கழித்து வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோதுதான் தெரிகிறது, அதுவரை வீட்டில் இருந்தவர் யார் என்று. அன்று முதல் அந்தப் பெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர்.

இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். அன்று இரவுதான் ஒன்று உறைத்தது. இறைவன் நினைத்திருந்தால் காவிரி வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம். இரத்தினாவதியின் வலியை ஒரு நொடியில் நிறுத்தியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வெள்ளம் வெள்ளமாகவே ஓடியது. வலி வலியாகவே இருந்தது. அவர் செய்தது ஒன்றுதான்: வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணெய் தேய்த்தார். துணி துவைத்தார்.

தெய்வம் அந்த வீட்டில் செய்த வேலை அதுதான் என்றால், அந்த மாதிரி ஒரு வீட்டில் நமக்கு இருக்கும் வேலையும் அதுதானே?

மறுநாளிலிருந்து நான் கணக்கு சொல்வதை நிறுத்தினேன். மாலையில் போவேன். பாத்திரம் கழுவுவேன். அக்கா பேசினால் கேட்பேன். பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து என் பாடத்தைப் படிப்பேன். அக்கா ஊசிப் பரிசோதனைக்குச் சம்மதித்திருந்தார். பதினாறாவது வாரம் வரை காத்திருந்து, எடுத்த பிறகு முடிவுக்கும் காத்திருந்து, மொத்தம் ஐந்து வாரத்துக்கு மேல் அப்படியே போனது.

பகலில் எனக்கு வகுப்பு. அந்த நேரத்துக்கு இன்னொருவர் வந்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. எழுபது வயதிருக்கும். அக்காவும் அவரும் பேச இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய் மட்டும். பாட்டிக்கு என்ன விஷயம் என்றுகூடத் தெரியாது. மாசமாக இருக்கும் பெண் இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லை என்று மட்டும் பார்த்திருக்கிறார். ஒரு சட்டியில் வெறும் கஞ்சியோடு வந்து, "மாக்கான், மாக்கான்" என்று சொல்லி, அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து காய்ந்த துணியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். தினமும்.

ஒரு நாள் அக்காவிடம் தாயுமானவர் கதையைச் சொன்னேன். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார். "தாயுமானவருக்கு ஹொக்கியன் பேசத் தெரியும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றார்.

'எந்த வினையோ' என்று சொல்பவர்களுக்கு

எல்லோரும் கஞ்சியோடு வரவில்லை. விஷயம் எப்படியோ சொந்தக்காரர்களின் புலனக் குழுவுக்குப் போய்விட்டது. ஒருவர் "நல்ல காரியத்துல இப்படி அபசகுனமா டெஸ்ட் எதுக்கு எடுத்தீங்க" என்றார். ஒருவர் மருந்து, பரிகாரம், ஜாதகம் என்று இருபது காணொலி அனுப்பினார். வயதில் பெரிய ஒருவர் நேராகவே போனில் சொன்னார்: "என்னம்மா செய்யறது, எந்த ஜென்மத்து வினையோ."

அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நம் சமயத்தில் வினைக்கொள்கை இருக்கிறது, அதைத்தான் சொன்னார். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நம் பெரியவர்களே காட்டியிருக்கிறார்கள்.

திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூருக்கு, அதாவது இன்றைய திருச்செங்கோட்டுக்குச் சென்றிருந்தபோது, அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்து வாட்டியது. சம்பந்தர் 'உங்கள் வினை, அனுபவியுங்கள்' என்று சொல்லிவிட்டு நடக்கவில்லை. அங்கேதான் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடினார். அதன் முதல் பாட்டிலேயே அவர் என்ன கேட்கிறார் தெரியுமா? முன் செய்த வினைக்கு இது பலன் என்று பேசத் தெரிந்த நீங்கள், பிழைக்கும் வழியைத் தேடாமல் சும்மா இருப்பது உங்களுக்கு ஊனமல்லவா என்கிறார். கவனியுங்கள், 'ஊனம்' என்ற சொல்லை அவர் நோயாளியின் மேல் போடவில்லை. வினை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதன் மேல் போடுகிறார்.

வினை என்பது நான் என்னைத் திருத்திக்கொள்ள எனக்குக் கொடுக்கப்பட்ட கண்ணாடி. அடுத்தவர் வயிற்றுக்கு நேராகப் பிடிக்கும் டார்ச் லைட் இல்லை. எந்த உயிர், எந்த உடலில், எதற்காக வருகிறது என்று அறிந்தவன் இறைவன் ஒருவன்தான். நாம் யாரும் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் படித்தவர்கள் இல்லை.

அபசகுனம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், ஓர் உயிர் கருவில் மாதா மாதம் என்னென்ன ஆபத்துகளைத் தாண்டிப் பிழைத்து வருகிறது என்று முதல் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை வரிசையாகச் சொல்கிறார். பிறந்த பிறகும் ஆபத்து நிற்கவில்லை, பசி, தூக்கம், வறுமை என்று தொடர்கிறார். கோயிலில் ஓதும் நூலிலேயே இது இருக்கிறது. கருவில் ஆபத்து உண்டு என்று வாய்விட்டுச் சொல்வது அபசகுனம் என்றால் அவர் ஏன் பாடினார்? ஸ்கேன் கருவி இல்லாத காலத்திலேயே நம் ஆன்றோருக்குத் தெரிந்திருக்கிறது, எந்தக் கர்ப்பத்துக்கும் உத்தரவாதம் கிடையாது என்று. இங்கே உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்களும் எழுதும் நானும் அப்படிப் பிழைத்து வந்தவர்கள்தான்.

அம்மா மாற்றிச் சொன்ன வேண்டுதல்

முடிவு வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா காணொலி அழைப்பில் வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேம்மா. பிள்ளை நல்லபடியா பிறந்தா, பத்துமலையில கரும்புத் தொட்டில் எடுக்கிறோம்னு."

நமக்கெல்லாம் தெரிந்த காட்சிதான். தைப்பூசத்தன்று கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் சேலையைத் தொட்டிலாகக் கட்டிக் குழந்தையைக் கிடத்தி, அப்பா முன்னாலும் அம்மா பின்னாலும் தோளில் சுமந்துகொண்டு 272 படி ஏறுவார்களே, அந்த நேர்த்திக்கடன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அந்த 'நல்லபடியா'வை எடுத்துடும்மா. பிறந்தா எடுக்கிறோம். எப்படிப் பிறந்தாலும் எடுக்கிறோம்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அழைப்பைத் துண்டித்துவிட்டார். கோபமோ என்று பயந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "கோயிலுக்குப் போய்ட்டு வந்துட்டேன். முருகன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

நண்பர்களே, குழந்தை ஆரோக்கியமாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டுவதில் தவறே இல்லை. எந்தத் தாய் வேண்டமாட்டாள்? ஆனால் அந்த வேண்டுதலுக்குள் சத்தமில்லாமல் ஓர் ஒப்பந்தம் நுழைந்துவிடுகிறது: 'நான் கேட்ட மாதிரி கொடுத்தால்தான் நன்றி.' அப்படியானால் வேறு மாதிரி வரும் குழந்தைக்கு யார் தொட்டில் எடுப்பது? அந்தக் குழந்தையை முருகன் அனுப்பவில்லையா?

இதை எழுதும்போது எனக்கு வெட்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். சுங்கை பட்டாணியில் நாங்கள் போகும் கோயிலில் ஓர் அண்ணன் இருக்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் சுண்டலைத் தொன்னையில் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். வரிசையில் ஒருவருக்குக் கூடக் குறையக் கொடுக்கமாட்டார். நான் பிள்ளையாக இருந்ததிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். இந்த விஷயம் நடந்த பிறகு விடுமுறையில் போனபோதுதான் உறைத்தது, இத்தனை வருடமாக அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. அன்று கேட்டேன். சொன்னார். பிறகு என் பெயரைக் கேட்டார். அடுத்த வாரம் வரிசையில் நின்றபோது பெயர் சொல்லி அழைத்துச் சுண்டல் கொடுத்தார். நான்தான் இருபது வருடம் தாமதம்.

டவுன் சிண்ட்ரோம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பயம் வருவதற்கு ஒரு காரணம், அப்படி வாழும் ஒருவரைக்கூட நாம் பெயரோடு அறிந்திருப்பதில்லை. கஷ்டம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும், சிலருக்கு அறுவை சிகிச்சை வேண்டும். நடக்க, பேச, படிக்கக் கூடுதல் காலம் எடுக்கும். ஆனால் சிகிச்சையும் பயிற்சியும் நிறைய மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் சராசரியாக 25 வயது என்றிருந்த ஆயுள் இன்று 60-ஐ ஒட்டி வந்திருக்கிறது. நம் நாட்டிலும் சின்ன வயதிலேயே பயிற்சி கொடுக்கும் கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறவாரியம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. சமூக நலத்துறையில் பதிந்தால் ஓகேயூ அட்டை கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21-ஆவது குரோமோசோம் மூன்று என்பதால் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி. அந்த வாரம் நம் கிளைகளில் ஒரு கூட்டு வழிபாடு வைத்து இந்தக் குடும்பங்களை அழைத்தால் என்ன?

நாம் செய்யக்கூடியவை

இளைஞர்கள் நாம் இன்னும் சில வருடங்களில் அண்ணனாக, மாமாவாக, அத்தையாக, பெற்றோராகப் போகிறவர்கள். அதனால் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்படி ஒரு காகிதம் வந்த வீட்டுக்குப் போனால், முதலில் காரணம் தேடாதீர்கள். 'என்ன சாப்பிட்டே' என்று கேட்கவே கூடாது. 'ஒண்ணும் இருக்காது' என்றும் சொல்லாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். பயத்தில் இருப்பவர்களுக்குக் காது கேட்காது. கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு போய், பதில்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இது ஸ்கிரீனிங்கா, உறுதிப் பரிசோதனையா? அடுத்து என்ன வழிகள்? ஒவ்வொன்றிலும் என்ன ஆபத்து? மரபணு ஆலோசகரைப் பார்க்க முடியுமா? இவற்றைக் கேட்பது இறைநம்பிக்கைக் குறைவு இல்லை. சம்பந்தர் சொன்ன வழி தேடுதல் இதுவும்தான்.

அப்பாவாகப் போகிறவரை மறக்காதீர்கள். எங்கள் அத்தான் ஒரு சொல் பேசவில்லை. தினமும் பாலத்தில் நெரிசலில் நின்றபடி ஹெல்மெட்டுக்குள் அழுதிருக்கிறார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்.

கடைசியாக, முடிவு எப்படி வந்தாலும் தீர்ப்பு சொல்லாதீர்கள். இதே வழியில் நடந்து குழந்தையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வாழ்க்கையிலேயே கடினமான முடிவை எடுக்க நேர்ந்த தம்பதிகளும் நம் கோயில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கக்கூடும். அவர்களுக்கும் தாயாக வருபவன்தான் தாயுமானவன்.

அக்காவின் நிபந்தனை

அக்கா பெண் குழந்தை பெற்றார். இதை எழுதும்போது என் மடியில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பத்தியை ஏற்கெனவே அழித்துவிட்டாள்.

பரிசோதனை முடிவு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லக் கூடாது என்பதுதான் அக்கா போட்ட நிபந்தனை. நான் ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதுனா, படிக்கிறவங்க 'வேண்டுனாங்க, முருகன் காப்பாத்திட்டாரு'ன்னு முடிச்சிடுவாங்க. அப்போ வேற மாதிரி முடிவு வந்தவங்க வேண்டலயா? இருந்துச்சுன்னு எழுதுனா, 'ஐயோ பாவம்'னுவாங்க. என் பிள்ளை பாவமும் இல்ல, பரிசும் இல்ல. பிள்ளை."

இந்த வருடம் தைப்பூசத்தன்று பத்துமலையில் கரும்புத் தொட்டில் எடுத்தோம். பாட்டியைப் பார்த்துக்கொள்ளச் சித்தியை விட்டுவிட்டு அம்மாவும் வந்திருந்தார். அத்தான் முன்னால், அக்கா பின்னால், நான் பால் புட்டியோடு பக்கத்தில். படியில் எத்தனையோ முகம் தெரியாதவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்து, "வேல் வேல்" என்று சொல்லி, குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர்கூட எத்தனை குரோமோசோம் என்று கேட்கவில்லை. அந்த 272 படியில் இருந்த மனது நமக்கு மற்ற நாளிலும் இருக்க வேண்டும். அதைத்தான் நான் வேண்டிக்கொண்டேன்.

அக்கா அன்று கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அறுபத்து நான்கில் அந்த ஒன்று எனக்கு யார்? என் மருமகள். அறுபத்து மூன்றில் ஒன்றாக இருந்தாலும் அதே மருமகள்தான்.

திருச்சிற்றம்பலம்.